பெட்டியடியில் கிடைத்த கைத்துப்பாக்கி: மருது பாண்டியர் காலத்ததா?

12 ஜனவரி 2024, இரவு

பொங்கலுக்காக இன்று ஊர் வீட்டைத் திறந்தோம். காரைக்குடிக்கு வடக்கே எங்கள் ஊர். இரண்டாம் கட்டில் பூட்டியே கிடந்த உள்ளறையைத் தூசி தட்டும்போது, தேக்குப் பெட்டியின் அடியில் கிழிந்த ஜமுக்காளத்தில் சுற்றி ஒரு கைத்துப்பாக்கி இருந்தது. நீளம் ஒரு முழத்துக்கு நாலு விரல் குறைவு. குழலும் குதிரையும் (விசையை இழுத்தால் வந்து அடிக்கும் பாகம்) இரும்பு, பிடி மரம், பிடியின் அடியில் பித்தளைக் குல்லா.

வீட்டில் ஒரு கதை உண்டு. ஐயா (தாத்தா) சொல்லி, அப்பச்சி (அப்பா) எங்களுக்குச் சொன்னது. 1801-இல் காளையார்கோவில் விழுந்த பிறகு, மருது பாண்டியர் படையில் இருந்த ஒருவர் எங்கள் முன்னோர் வீட்டில் ஒரு ராத்திரி தங்கினார், போகும்போது தன் கைத்துப்பாக்கியைக் கொடுத்துவிட்டுப் போனார் என்று. சின்ன வயதில் கேட்டதோடு சரி, அந்தத் துப்பாக்கியை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. இன்று கையில் வந்துவிட்டது.

இது அதுதானா? எந்த நாட்டில் செய்தது, எந்தப் படை வைத்திருந்தது என்பதை எதை வைத்துக் கண்டுபிடிப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

13 ஜனவரி, காலை

தேவகோட்டையிலிருந்து ஒரு அண்ணன் கூப்பிட்டார். காலமெல்லாம் அப்புறம், முதலில் உள்ளே வெடிமருந்து இருக்கிறதா என்று பாருங்கள் என்றார். எனக்கு அது தோன்றவே இல்லை. நேற்று சாயங்காலம் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு தடவை கையில் வாங்கிப் பார்த்தார்கள். நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

அவர் சொன்ன வழி இது. குதிரையைத் தொடாமல், வாய் யார் பக்கமும் இல்லாமல் வைத்துக்கொண்டு, ஒட்டடைக் குச்சி மாதிரி மெல்லிய குச்சியைக் குழலுக்குள் விட வேண்டும். முட்டும் இடத்தில் நகத்தால் அடையாளம் வைத்து வெளியே எடுத்து, அதே குச்சியைக் குழலின் வெளிப்பக்கம் வைத்துப் பார்க்க வேண்டும். வெளியே 9 அங்குலம் வந்தது. உள்ளே ஏழரைதான் போனது. பின்பக்க அடைப்புக்கு அரை அங்குலம் கழித்தாலும் ஒரு அங்குல ஆழத்துக்கு எதுவோ அடைத்திருக்கிறது.

பிள்ளைகளை முகப்புக்கு அனுப்பிவிட்டு, அதைப் பட்டாலை மூலையில் சுவரைப் பார்த்து வைத்துவிட்டேன். வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் பழைய துப்பாக்கிகளில் கெட்டித்தது அப்படியே கிடப்பது சகஜமாம். கரிமருந்து காய்ந்த இடத்தில் இருந்தால் நூறு வருஷம் ஆனாலும் சாவதில்லையாம். உங்கள் வீட்டில் இப்படி ஒன்று இருந்தால் தயவுசெய்து முதலில் இதைப் பாருங்கள்.

13 ஜனவரி, மதியம்

சட்டம் பற்றிப் பலர் கேட்டிருக்கிறீர்கள். “பழைய சாமானுக்கு லைசென்ஸ் வேண்டாம்” என்று நாலு பேர் சொன்னார்கள். அது பாதி உண்மை. 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் 45-வது பிரிவு பழைய மாடல்களுக்கும் பழம்பொருள் மதிப்புள்ளவற்றுக்கும் விலக்குக் கொடுக்கிறது. ஆனால் அதே வரியில், பழுதுபார்த்தாலும் சுட முடியாத நிலையில் இருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. எங்களுடையதில் குதிரையும் விசையும் நன்றாகத்தான் இருக்கின்றன. அதனால் விலக்கை நம்பிக்கொண்டு உட்காராமல் காலையிலேயே தம்பியும் நானும் ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்துவிட்டோம். மரியாதையாகக் கேட்டார்கள், வந்து பார்த்தார்கள். லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையில் ஒப்படைத்துவிட்டு ரசீதைக் கொண்டுவாருங்கள், மற்றதைக் கலெக்டர் ஆபீஸில் மனுப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். பொங்கல் விடுமுறை முடிந்ததும் மதுரைக்குப் போக வேண்டும்.

அதற்குள் பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்துவிட வேண்டும்.

13 ஜனவரி, இரவு

ஒரு வருத்தமான விஷயம். நேற்று நான் இதை எழுதிக்கொண்டிருந்த நேரத்தில், தம்பி நல்லது செய்வதாக நினைத்துப் பித்தளைக் குல்லாவைப் புளி போட்டுத் தேய்த்திருக்கிறான். அதோடு நிற்காமல் இரும்புத் தகட்டை உப்புத்தாளால் வேறு தேய்த்துவிட்டான். குல்லா இப்போது பொங்கல் பானை மாதிரி மின்னுகிறது. தகட்டில் குதிரைக்குப் பின்னால் ஏதோ வெட்டியிருந்தது, அதில் பாதி போய்விட்டது. 18 தெரிகிறது, கடைசியில் 5 தெரிகிறது. நடுவில் ஒரு இலக்கம் வெறும் கீறலாகக் கிடக்கிறது.

அவனைத் திட்டி என்ன ஆகப்போகிறது. பித்தளை என்றால் தேய்க்க வேண்டும் என்றுதானே நம் வீடுகளில் பழக்கியிருக்கிறோம். இதைப் படிப்பவர்கள் யாரும் பழைய ஆயுதத்தைத் தேய்க்காதீர்கள். அந்தக் கறுப்பில்தான் எழுத்து இருக்கும். துருவைப் பார்த்துப் பயமாக இருந்தால் துணியில் இரண்டு சொட்டுத் தையல் மிஷின் எண்ணெய் தொட்டு ஒற்றி எடுங்கள், போதும்.

14 ஜனவரி

நடு இலக்கம் எதுவாக இருந்தாலும் 18 என்று தொடங்குவதால் 1805, 1815 என்றும் இருக்கலாமே, மருது காலத்துக்குப் பக்கம்தானே என்று புதுக்கோட்டைக்காரர் ஒருவர் எழுதியிருக்கிறார். நானும் நேற்று ராத்திரி அப்படித்தான் கணக்குப் போட்டேன். ஆனால் வருஷத்தைவிட இயங்கும் விதம்தான் பெரிய சாட்சி என்று தேவகோட்டை அண்ணன் விளக்கினார்.

1801-இல் இருந்தவை சக்கிமுக்கிக் கல் துப்பாக்கிகள். குதிரையின் வாயில் ஒரு கல்லைக் கவ்வ வைத்திருப்பார்கள். விசையை இழுத்தால் கல் போய் ஒரு இரும்பு மூடியில் உரசும், பொறி சின்னக் கிண்ணியில் இருக்கும் மருந்தில் விழும், அங்கிருந்து பக்கத்து ஓட்டை வழியாகக் குழலுக்குள் தீ போகும். மழைக்காற்று அடித்தால் கிண்ணி மருந்து நனைந்துவிடும், அவ்வளவுதான்.

எங்களுடையதில் கல் கவ்வும் வாய் இல்லை, கிண்ணியும் இல்லை. குதிரை சுத்தியல் மாதிரி தலை கவிழ்ந்து, குழலின் பின்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் சின்ன நிப்பிளின் மேல் வந்து உட்காருகிறது. அந்த நிப்பிளில் செம்பாலான சின்னத் தொப்பி ஒன்றை மாட்டுவார்களாம், அதற்குப் பெயர் கேப்பு. தீபாவளிக்குப் பொட்டு வெடியைச் சுத்தியால் தட்டுவோமே, அதே வேலைதான். கிண்ணிக்குப் பதிலாக அடித்தால் வெடிக்கும் மருந்து என்ற யோசனைக்கு, அலெக்சாண்டர் ஃபோர்சைத் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1807-இல் காப்புரிமை வாங்கினார். செம்புக் கேப்பு வந்தது அதற்கும் பிறகு. பிரிட்டிஷ் படைகள் இதற்கு மாறியது 1830-களின் கடைசியில்.

ஆக, இப்போது இருக்கிற உருவத்தில் இது மருது பாண்டியர் படையில் இருந்திருக்க முடியாது.

14 ஜனவரி, இரவு

மனசு கேட்கவில்லை. கல் துப்பாக்கியாகப் பிறந்து பிறகு கேப்புக்கு மாற்றப்பட்டதாக இருந்தால்? அப்படி நிறைய மாற்றியிருக்கிறார்கள். குதிரையைக் கழற்றி வேறு போட்டு, பக்கத்து ஓட்டையில் நிப்பிளைத் திருகிவிட்டால் தீர்ந்தது.

ஆனால் மாற்றியிருந்தால் தழும்பு இருக்கும். கிண்ணியையும், மூடியையும், மூடியின் வில்லையும் பிடித்திருந்த திருகுகளின் ஓட்டைகளைத் தகட்டில் அடைத்திருப்பார்கள். அடைத்த ஓட்டை, காது குத்தித் தூர்ந்த இடம் மாதிரி வட்டமாகத் தெரியுமாம். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, பூதக்கண்ணாடி வைத்து அரை மணி நேரம் பார்த்தேன். ஒரு வட்டம்கூட இல்லை. கேப்புத் துப்பாக்கியாகவே பிறந்திருக்கிறது.

அப்பச்சி உயிரோடு இருந்தால் இதை அவரிடம் எப்படிச் சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை. ஒவ்வொரு அக்டோபரிலும் 24-ஆம் தேதி, திருப்பத்தூரில் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட நாள் என்று சொல்லி, இந்தக் கதையையும் சேர்த்துச் சொல்வார். 1801 ஜூன் 16 அன்று திருச்சிக் கோட்டைச் சுவரில் ஒட்டிய ஜம்புத்தீவுப் பிரகடனத்தை எனக்கு முதலில் சொன்னவரும் அவர்தான். பிரகடனம் உண்மை, தூக்கு உண்மை. இந்தத் துப்பாக்கி மட்டும் அந்தக் கதைக்குச் சொந்தமில்லை.

18 ஜனவரி, மதுரை

ஒப்படைத்தாகிவிட்டது, ரசீது வாங்கிவிட்டேன். கடையில் பழுதுபார்க்கும் பெரியவர் முதலில் செய்த வேலை, நிப்பிள் வழியாகவும் வாய் வழியாகவும் எண்ணெய் விட்டு ஊற வைத்தது. டீ குடித்துவிட்டு வந்து, முனையில் திருகு உள்ள ஒரு கம்பியை உள்ளே விட்டுச் சுற்றிச் சுற்றி இழுத்தார்.

முதலில் வந்தது செம்மண். குளவிக் கூடு. இதுக்கா இவ்வளவு பயந்தோம் என்று தம்பி சிரித்தே விட்டான். பெரியவர் சிரிக்கவில்லை. இன்னும் இருக்கு என்று மறுபடி விட்டார். ஒரு துணிச் சுருள் வந்தது, சுண்டு விரல் கனம். அதற்குப் பின்னால் கறுப்பாகக் கட்டி தட்டிய மருந்து உதிர்ந்து விழுந்தது. காகிதத்தில் கொட்டிக் காட்டினார், ஒரு தேக்கரண்டி இருக்கும்.

ஈயக் குண்டு இல்லை. கம்பி அடிவரை போய்த் தட்டியது. மருந்தும் துணியும் மட்டும்தான்.

“குண்டு இல்லாம கெட்டிச்சா அது சுடுறதுக்கு இல்ல தம்பி, சத்தத்துக்கு,” என்றார்.

துணியை விரித்துப் பார்த்தோம். இரண்டு விரல் அகலம், கிழித்த ஓரம். பொடியாகிவிடும் போல இருந்தது. ஆனால் கட்டம் தெரிகிறது: அரக்குச் சிவப்பும் மஞ்சளும், பெரிய கட்டம். எங்கள் ஊர்ப் பெண் எவளும் ஒரு பார்வையில் சொல்லிவிடுவாள், கண்டாங்கி.

மருந்தை அவர் தண்ணீரில் கரைத்துவிட்டார். துணியை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். குழலின் வாயை வெர்னியர் வைத்து அளந்தார், 16.6 மில்லிமீட்டர்.

19 ஜனவரி

அளவைப் பற்றிக் கேட்டவருக்கு: இங்கிலாந்தில் பழைய கணக்கு, ஒரு பவுண்டு ஈயத்தில் எத்தனை குண்டு வார்க்கலாம் என்பது. ஒரு பவுண்டுக்கு 17 குண்டு வார்த்தால் ஒரு குண்டு சுமார் 26.7 கிராம், குறுக்களவு 16.5 மில்லிமீட்டர். எங்களுடையது அந்தக் கணக்கில் வந்து உட்காருகிறது. குழல் 9 அங்குலம், குதிரைப்படைத் துப்பாக்கிக்கு வழக்கமான நீளம். கெட்டிக்கும் கம்பி தனியாகக் கழன்று வராமல் ஒரு கொண்டியில் தொங்குகிறது. ஓடும் குதிரையின் மேல் உட்கார்ந்து மருந்து கெட்டிக்கிறவன் கையிலிருந்து கம்பி நழுவினால் இறங்கியா பொறுக்க முடியும்? அதற்காகச் செய்த ஏற்பாடு. எனவே குதிரைப்படைக்காரனுடையது.

யாருடைய குதிரைப்படை என்பதற்கு ஒரு துப்பு இருக்கிறது. தகட்டின் நடுவில் பின்னங்காலில் நிற்கும் ஒரு சிங்கம், முன்னங்காலில் எதையோ தூக்கிப் பிடித்திருக்கிறது. கத்தி மாதிரி இருக்கிறது. கண்டி ராஜாவின் கொடியில் இருந்த சிங்கம் கத்தி பிடித்ததுதானே. எங்கள் ஆட்கள் கொழும்புச் செட்டியார் தெருவில் தலைமுறை தலைமுறையாகக் கடை வைத்திருந்தவர்கள். இலங்கையிலிருந்து வந்த துப்பாக்கி என்று நினைக்கிறேன்.

21 ஜனவரி

மேலே இலங்கை என்று எழுதியதைத் திருத்துகிறேன். தப்பு.

நேற்று ஊருக்கு வந்தேன். அப்பத்தாவிடம் போனில் சிங்கத்தின் படத்தைக் காட்டினேன். 84 வயது, கண் ஆபரேஷன் ஆகி இப்போது நன்றாகத் தெரிகிறது. “இந்தச் சிங்கம் என் செம்புலயும் இருக்கே,” என்று சொல்லிவிட்டு, சாமி வீட்டிலிருந்து பழைய காசு போட்டு வைக்கும் செம்பைக் கொண்டுவரச் சொன்னார்கள். கவிழ்த்துத் துழாவி, மொச்சைக்கொட்டை அகலம்கூட இல்லாத ஒரு செப்புக்காசை எடுத்துக் கொடுத்தார்கள். ஒரு பக்கம் 1803, மதராசுக்காகக் கம்பெனி அடித்த ஒற்றைக் காசு. மறுபக்கம் அதே சிங்கம், அதே நிற்பு. காசில் தேய்மானம் இல்லாததால் தெளிவாகத் தெரிகிறது, அது பிடித்திருப்பது கத்தி இல்லை, கிரீடம்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் சின்னம் அது. தங்கள் ஆயுதங்களில் அவர்கள் முதலில் இதய வடிவத்தை நான்காகப் பிரித்து எழுத்துப் போட்ட முத்திரையைக் குத்திக்கொண்டிருந்தார்கள், மூட்டைகளில் போடும் அதே வியாபார முத்திரை. 1808 வாக்கில் அதை விட்டுவிட்டுக் கிரீடம் ஏந்திய இந்தச் சிங்கத்துக்கு மாறினார்கள். ராஜாங்கப் படைக்குச் செய்ததாக இருந்தால் கிரீடமும் ராணியின் எழுத்துகளும், அகன்ற அம்புக்குறியும் இருந்திருக்கும். இதில் அவை இல்லை.

காசையும் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அப்பத்தாவிடம் காட்டியபோது, “பாத்தியா, நான் சொன்னேன்ல” என்று ஒரே சந்தோஷம். எனக்கும்தான். இரண்டு நாளாக நான் தேடியது சாமி வீட்டில், கைக்கெட்டும் தூரத்தில் இருந்திருக்கிறது.

23 ஜனவரி

வருஷம் கிடைத்துவிட்டது!

தம்பி தேய்ப்பதற்கு முன்னால், பெட்டியிலிருந்து எடுத்த உடனே, அண்ணன் மகள் போனில் ஒரு படம் எடுத்திருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை, தன் சிநேகிதிகளுக்கு அனுப்பியிருக்கிறாள். இன்று தற்செயலாகப் பேச்சு வந்து, “சித்தப்பா, எங்கிட்ட இருக்கே” என்று அனுப்பினாள். சாய்வான வெயிலில் எடுத்த படம், துருவுக்குள் குழி நிழலாக விழுந்திருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தால் மூன்றாவது இலக்கம் 4. சந்தேகமே இல்லை, கால் கீழே இறங்கியிருக்கிறது.

1845. கம்பெனி தன் படைகளைக் கேப்புத் துப்பாக்கிக்கு மாற்றிக்கொண்டிருந்த வருஷங்களோடு பொருந்துகிறது. 1858 நவம்பர் 1 அன்று விக்டோரியா ராணியின் பிரகடனம் வந்து கம்பெனி ஆட்சியே முடிந்துபோனது. இந்தத் துப்பாக்கி கம்பெனியின் கடைசிப் பதின்மூன்று வருஷங்களைப் பார்த்திருக்கிறது.

27 ஜனவரி

குல்லாவில் இருப்பவை பற்றி. புளி தேய்த்ததில் ஒரு நல்லது, இவை பளிச்சென்று தெரிகின்றன.

ஒன்று, அச்சுக் குத்திய ஆங்கில எழுத்து ‘சி’, கீழே 41. இது உங்கள் குடும்ப விலாசமாக இருக்குமோ என்று ஒருவர் கேட்டார். இல்லை. நம் வீட்டுச் சாமான்களில் வெட்டும் விலாசம் என்பது முகவரி இல்லை, இரண்டு மூன்று தமிழ் எழுத்துகள், அப்பன் பாட்டன் பெயர்களின் முதலெழுத்து. இது படையின் அடையாளம்: எந்தத் துருப்பு, அதில் எத்தனையாவது ஆயுதம். ராத்திரி திருப்பிக் கொடுக்கும்போது கணக்குப் பார்ப்பதற்காக.

இன்னொன்று, அதற்குப் பக்கத்தில் கையால் கீறிய தமிழ் இலக்கம். ௩௭. முப்பத்தேழு.

இதைத்தான் இரண்டு நாளாக யோசிக்கிறேன். எங்கள் வீடுகளில் கரண்டியிலிருந்து அண்டா வரைக்கும் விலாசம் வெட்டாத பாத்திரம் கிடையாது. கல்யாணத்தில் சாமான்களைப் பரப்பி வைக்கும்போது மற்ற வீட்டுச் சாமானோடு கலந்துவிடக் கூடாது என்பதற்காக. இந்தத் துப்பாக்கியில் விலாசம் இல்லை, நம்பர் மட்டும் இருக்கிறது. சொந்தச் சாமான் என்றால் விலாசம் வெட்டியிருப்பார்கள். அடகுக்கு வந்த பொருளுக்குத்தான் பெயர் வெட்டமாட்டார்கள், நம்பர் மட்டும் போடுவார்கள். கடன் வாங்கிய யாரோ வைத்துவிட்டு மீட்காமல் போன அடகு இது என்று நினைக்கிறேன். வட்டித் தொழில் செய்த குடும்பத்தில் இதற்கு மேல் பொருத்தமான காரணம் என்ன இருக்கிறது?

2 பிப்ரவரி

போலியாக இருக்கலாமே என்று கேட்டவருக்கு. நியாயமான கேள்வி. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளைச் சுற்றி வந்தவர்களுக்குத் தெரியும், அலங்காரத்துக்கென்று புதிதாகச் செய்து பழசாக்கிய துப்பாக்கிகள் வரத்தான் செய்கின்றன. நான் பார்த்தவரை சொல்கிறேன். திருகின் தலையைப் பாருங்கள். கூட்டல் குறி மாதிரி வெட்டு இருந்தால் அது 1930-களுக்குப் பிந்தையது. பழையதில் ஒற்றை வெட்டுதான், அதுவும் தாள் நுழையும் அளவுக்கு ஒடுக்கமாக. மரத்துக்கும் இரும்புக்கும் நடுவில் இடைவெளி இருந்தாலும் சந்தேகப்படுங்கள். எங்களுடையதில் தகடு மரத்தில் பதிந்திருக்கும் ஓரத்தில் நகம் நுழையவில்லை. எழுத்துகளையும் பாருங்கள். ஆப்கன் எல்லையில் கம்பெனித் துப்பாக்கிகளைப் பார்த்துச் செய்தவற்றில் ஆங்கில எழுத்து திரும்பியும் கவிழ்ந்தும் இருக்கும், எழுத்துத் தெரியாதவர் பார்த்து வெட்டியது என்பதால்.

நேரில் ஒப்பிட்டுப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கும் செயின்ட் ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்கும் போய்ப் பாருங்கள். எழும்பூரில் தஞ்சாவூர் அரண்மனையிலிருந்தும் கோட்டையிலிருந்தும் வந்த ஆயுதங்கள் இருக்கின்றன.

4 பிப்ரவரி

1942-இல் பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்கள் தற்காப்புக்குக் கொண்டு வந்திருப்பார்கள் என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். அந்த நடையில் வந்தவர்கள் எங்கள் குடும்பத்திலும் இருந்தார்கள். பர்மாவில் மொல்மேன் ஊர்க் கடையில் அடுத்தாளாக (உதவியாளாக) இருந்த பெரியப்பா ஒருவர், வேட்டியும் ஒரு தகரப் பெட்டியும்தான் மிச்சம் என்பார். நூறு வருஷப் பழைய கேப்புத் துப்பாக்கியை எவரும் தூக்கிக்கொண்டு காட்டைக் கடந்திருக்க மாட்டார்கள். கம்பெனியின் மதராஸ் படையில் குதிரைப்படை இருந்தது, இந்தச் சீமை மதராஸ் மாகாணத்தில் இருந்தது. இதற்கு ரங்கூன் வரை போகத் தேவையில்லை.

11 பிப்ரவரி

அடகு என்று எழுதினேன் அல்லவா, அதையும் அழித்துவிடுங்கள்.

நேற்று ஊரில் பங்காளி வீட்டு விசேஷம். அதற்குப் படிக்கம் (வெற்றிலை எச்சில் துப்பும் பாத்திரம்) ஒன்று வேண்டும் என்று கேட்டார்கள். அதே உள்ளறையில் தேடி, வெண்கலப் படிக்கம் ஒன்றை எடுத்துத் தூசி தட்டிக் கவிழ்த்தேன். அடியில் விலாசம். விலாசத்துக்குக் கீழே, கையால் கீறியது: ௩௬.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பிறகு விசேஷத்தை மறந்து அந்த அறையில் இருந்த ஒவ்வொரு சாமானாகக் கவிழ்க்க ஆரம்பித்தேன். பன்னீர்ச் செம்பில் ௩௪. சந்தனக் கும்பாவில் ௩௫. தேங்காய் வைக்கும் தாம்பாளத்தில் ௪௧. கடைசியில் ஒரு வெள்ளி வெற்றிலைப் பெட்டியில் ௩௮, கூடவே விலாசமும் “பவ வருஷம்” என்றும். பவ வருஷம் என்றால் 1934 சித்திரையிலிருந்து 1935 பங்குனி வரை. எல்லாம் ஒரே கை. ‘௩’-இன் வால் ஒரே மாதிரி இழுத்து விட்டிருக்கிறது.

இது அடகு நம்பர் இல்லை. ஒரு கல்யாணத்துக்கு எடுத்துக் கொடுத்துத் திருப்பி வாங்கி வைப்பதற்கான சாமான் கணக்கு. படிக்கத்துக்கும் வெற்றிலைப் பெட்டிக்கும் நடுவில் துப்பாக்கியை எண்ணியிருக்கிறார்கள். விலாசம் ஏன் இல்லை என்பதற்கும் இப்போது வேறு காரணம் தோன்றுகிறது: இன்னொரு வீட்டுச் சாமானோடு கலந்துபோகும் என்ற பயம் இதற்கு இல்லை. ஊரில் யார் வீட்டில் இரண்டாவது துப்பாக்கி இருந்திருக்கும்?

ராத்திரி அப்பத்தாவிடம் கேட்டேன். பன்னீர்ச் செம்பு, படிக்கம், வெற்றிலைப் பெட்டி என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தேன், துப்பாக்கியைச் சொல்லவில்லை.

“மாப்பிள்ளை அழைப்புச் சாமான்ல,” என்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து, “எங்க மாமியார் சொல்லுவாக. அவுக கல்யாணத்துல மாப்பிள்ளை கோயில்லேருந்து திரும்புறப்ப வாசல்ல வேட்டுப் போட்டாகளாம். மூணு வேட்டு போடணும்னு ஏற்பாடாம். ரெண்டு சத்தத்துக்கே குதிரை மெரண்டு போச்சாம். போதும் போதும்னு நிறுத்திப்புட்டாகளாம்.”

“எதுல போட்டாங்க அப்பத்தா?”

“அது எனக்கு எங்க தெரியும். வேட்டுன்னுதான் சொன்னாக.”

டப்பாவைத் திறந்து துணியைக் காட்டினேன். கையில் எடுக்கவில்லை, குனிந்து பார்த்தார்கள். “கண்டாங்கிதான். கட்டுன சேலையக் கிழிச்சு யாராச்சும் அடைச்சிருப்பாக,” என்றார்கள்.

மூன்றாவது வேட்டுக்குக் கெட்டித்ததுதான் மதுரையில் வெளியே வந்தது என்று நான் நம்புகிறேன்.

12 பிப்ரவரி

நேற்று எழுதியதை மறுபடி படித்தேன். தேவகோட்டை அண்ணன் ஒன்று கேட்டார், நல்ல கேள்வி: பவ வருஷம் வெற்றிலைப் பெட்டியில்தானே இருக்கிறது, நம்பரைப் பிற்பாடு வேறு கல்யாணத்தில் போட்டிருக்கலாமே? போட்டிருக்கலாம். நம்பர் போட்டது பவ வருஷத்திலோ அதற்குப் பிறகோ, அவ்வளவுதான் பெட்டி சொல்கிறது. மற்றது அப்பத்தா வாய்வழி. அவர்கள் இந்த வீட்டுக்கு வந்தது 1956-இல். அதற்கப்புறம் இந்த வீட்டில் வேட்டுப் போட்டதைத் தான் பார்த்ததில்லை என்று உறுதியாகச் சொல்கிறார்கள். ஆக 1934-க்கும் 1956-க்கும் நடுவில். மாமியார் கல்யாணமும் பவ வருஷம்தான் என்பது அப்பத்தா கணக்கு, ஐயா பிறந்தது அடுத்த யுவ வருஷத்தில்.

25 பிப்ரவரி

கலெக்டர் ஆபீஸில் மனுக் கொடுத்துவிட்டோம். நூறு வருஷத்துக்கு மேற்பட்டது என்பதால் 1972-ஆம் வருஷத்துப் பழம்பொருள் சட்டத்துக்குள்ளும் இது வருகிறது. வெளிநாட்டில் விற்றால் நல்ல விலை வரும் என்று எழுதியவர்களுக்கு இதுவே பதில், இந்தியாவை விட்டு வெளியே கொண்டு போக முடியாது, எங்களுக்கு விற்கிற எண்ணமும் இல்லை. நிப்பிளை அடைத்துச் செயலிழக்கச் செய்து வைத்துக்கொள்வதா, அரசு அருங்காட்சியகத்துக்கே கொடுத்துவிடுவதா என்று பங்காளிகள் ஏழு பேரும் பேசி முடிவெடுக்க வேண்டும். கொடுத்துவிடலாம் என்பது என் கட்சி, ஆனால் 1845, சிங்கம், சி 41 என்பதோடு ௩௭ என்பதையும் அட்டையில் எழுத வேண்டும் என்று கேட்பேன்.

துணியை மட்டும் கொடுக்கப் போவதில்லை. அப்பத்தா அதைத் தன் காசுச் செம்பில் போட்டு வைத்துக்கொண்டார்கள்.